புட்டிக்குள் செத்த கிருமிகள்

பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் நான்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் தொடக்கம். டெல்லியின் மே மாத வெயில். புட்டிகளில் இருந்தது குழந்தைகள் குளிக்கும் ஒரு நீச்சல் குளத்துத் தண்ணீர். அதில் கிருமி எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. தற்காலிக வேலை. குளத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியை வடிவமைத்தவர் எங்கள் பொறியாளர் சார். திருநெல்வேலிக்காரர். இருபது வருஷம் டெல்லியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. அந்தக் குளத்துக்குக் குளோரின் ஒழுங்காக வராது. வந்த அன்று அளவில்லாமல் கொட்டுவார்கள். குழந்தைகள் கண் சிவந்து, அழுதுகொண்டே கரையேறும். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அவர் ஒரு குழாய்க்குள் வெள்ளித் தகடுகளைப் பொருத்தி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார். தகட்டிலிருந்து கரையும் வெள்ளி கிருமியைக் கொல்லும். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். நான் எண்ணிய ஒவ்வொரு முறையும் பூஜ்யம். சார் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். குளோரினை நிறுத்திவிட்டுக் கருவியை நிரந்தரமாக ஓட்ட உத்தரவும் வந்தது.

பிறகு ஒரு நாள் எனக்கு ஆபீஸ் ஜீப் கிடைத்தது. இருபது நிமிடத்தில் வந்து சோதனைக்கு வைத்துவிட்டேன். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் எண்ணி மாளாத கிருமி.

வெள்ளி கொல்லும், ஆனால் மெதுவாக. குளத்தில் அதற்கு அத்தனை நேரம் கிடைக்கவில்லை. என் மடியில், பஸ்ஸில், புட்டிக்குள் கிடைத்தது. தண்ணீரை எடுத்ததுமே வெள்ளியின் வேலையை நிறுத்தும் மருந்தை நான் புட்டியில் போட்டிருக்க வேண்டும். குளோரின் தண்ணீருக்குத்தான் அப்படி மருந்து போட்டுப் பழக்கம்; இது குளோரின் இல்லாத தண்ணீர்தானே என்று எதையும் போடவில்லை. தப்பு என்னுடையது.

சாரிடம் சொன்னேன்.

"என்னம்மா சொல்லுதே? அப்பம் இது கொல்லலியா?"

"கொல்லுது சார். லேட்டாக் கொல்லுது."

"லேட்டாக் கொன்னு என்ன செய்ய? பிள்ளைங்க இப்பம்லா குளிக்குது!"

அன்றைக்கே கருவியை நிறுத்தச் சொல்லி மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "அரே பாய், ஊரே உன் மிஷினைப் புகழுது. நீயே குறை சொல்றியா? சீசன் முடியட்டும். ஜல்தி என்ன?"

சீசன் முடிவதற்குள் குழந்தைகளுக்குக் காதில் சீழ் வைத்தது. பெற்றோர் கூச்சல் போட்டார்கள். விசாரணை வைத்தார்கள். ஃபைலில் சாரின் கடிதம் இல்லை. என் பூஜ்யங்கள் மட்டும் இருந்தன.

"இது உங்க ரிப்போர்ட்தானே?" என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஜீப்பில் கொண்டுவந்த தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கருவி சரி, பராமரிப்புதான் மோசம், அதற்குப் பொறியாளரே பொறுப்பு என்று எழுதி, அவரை ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று. இன்றைக்கு நான் சாப்பிடும் ஓய்வூதியம் அந்த வேலையினுடையது. சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

விசாரணைக்கு அடுத்த கோடையில் கோல் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளைங்க இன்னும் அதுல குளிக்குதாம்மா?"

"குளிக்குது சார்."

"மிஷினு?"

"ஓடுது சார்."

காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.