யாரும் போய்ச் சேராத பதினான்கு காட்சிகள்

விஷுவல் நாவல் என்றால் படமும் வசனமுமாக நகரும் கதை. வாசிப்பவர் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தால் கதை அந்தப் பக்கம் திரும்பும். நானும் என் தோழியும் சேர்ந்து அப்படி ஒன்று செய்துகொண்டிருந்தோம். கொரட்டூர் ஏரிக்கரையில் உலவும் ஆவிக்கு அவளே வசனம் எழுதி, அவளே குரலும் கொடுத்தாள். அதை ஓடவைக்கும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது நான். முடிப்பதற்குள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலே நாள்.

அவள் அம்மாவுக்கு மகளின் குரலைக் கேட்க வேண்டும். அதற்காகவே கதையை அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து போன் செய்தார்.

"எல்லா பதிலையும் அமுக்கிப் பாத்துட்டேன் கண்ணு. அவ மட்டும் வர மாட்டேங்கிறா."



அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்து, இந்த மாதிரிக் கதைகளை அலசிச் சொல்லும் கருவி ஒன்றை இறக்கினேன். பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். தட்டினேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்றது. தப்பான ஃபோல்டரில் நின்றிருக்கிறேன். சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டு, சரியான ஃபோல்டருக்குப் போய் மறுபடி தட்டினேன். எத்தனை பாத்திரம், எத்தனை வசனம் என்று காட்டிவிட்டு, யாரும் போய்ச் சேர முடியாத காட்சிகள் பதினான்கு என்று பட்டியலிட்டது. பதினான்கும் அவளுடையவை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒலிப்பதிவை மூன்று வாரம் இழுத்தடித்து அனுப்பினாள் என்று அவளிடம் கத்தியிருந்தேன். அந்தக் கோபத்தில், ஆவியிடம் போகும் நிரல் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போட்டு வழியை அடைத்தேன்; அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். வந்து கெஞ்சட்டும், அப்புறம் திறக்கலாம் என்று. அனுப்பியதைக் கேட்கக்கூட இல்லை. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடைத்தது மறந்தே போயிற்று. பாவி நான்.

குறியை எடுத்துவிட்டு மறுபடி கட்டளை தட்டினேன். போய்ச் சேராத காட்சி எதுவும் இல்லை என்றது. பஸ் பிடித்து கொரட்டூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். செய்ததை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"நான்தான் தப்பா அமுக்குறேன்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றார். நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

காட்சியைத் திறந்தோம். ஏரி தெரிந்தது, அவள் குரல் வந்தது. இரண்டு வசனம் பேசியிருப்பாள். பின்னணியில் அவள் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதும் பதிவாகியிருந்தது. ஆவி பேச்சை நிறுத்தியது.

"இதோ வர்றேம்மா."

என் பக்கத்தில் இருந்த அம்மா, மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.