நிஸாம் என்று நான்கு பேர்

சுபோதினிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான். வேலையை அவள் விடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸேறி, கொட்டாஞ்சேனையில் இருந்த கப்பல் முகவர் நிறுவனத்துக்குப் போய்வந்தாள். அங்கே எல்லாரும் பாவிக்கும் மெயில் புரோகிராமில் அவளால் திரையை வாசிக்க முடியவில்லை. அதனால், எழுதுவதை வரி வரியாக வாசித்துக் காட்டும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் மெயில்களை எழுதி, அதிலிருந்தே அனுப்பப் பழகினாள். ஈமெயில் முகவரி தேவைப்பட்டால் மட்டும் பக்கத்து மேசை மேபலைக் கேட்பாள். மேபல் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

மேபல் லீவில் நின்ற ஒரு நாள், களஞ்சியத்து நிஸாமின் முகவரியைச் சுபோதினி ஞாபகத்திலிருந்து அடித்தாள். வந்த கொள்கலனை உடனே உள்ளே எடுக்கச் சொன்ன அந்த மெயில் கணக்குப் பிரிவு நிஸாமுக்குப் போய்விட்டது. மருந்து ஏற்றிய கொள்கலன் பகல் முழுக்க வெயிலில் நின்றது. நல்லவேளை, மருந்து பழுதாகவில்லை.

"இனி உங்கட மெயிலை மேபல் அனுப்பட்டும்," என்றார் மனேஜர் நாகேந்திரம். தன்மையாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கணினிப் பிரிவில் இருந்த பலீலிடம் போனாள்.

"பலீல், ஒஃபிஸ் ஆக்களின்ர முகவரியெல்லாம் இருக்கிற டிரெக்டரி சேர்வரை என்ர எடிட்டரோட இணைக்கலாமோ? பேரைப் பாதி அடிச்சா முகவரியை அது எடுத்துத் தரவேணும்."

"இங்க யாரும் அப்பிடிச் செஞ்சதில்ல மிஸ். பார்ப்போம்."

சேர்வரின் பெயரை எடிட்டரின் அமைப்புக் கோப்பில் எழுதினாள். பதிலே வரவில்லை. சேர்வர் பாதுகாப்பான இணைப்பை மட்டுமே ஏற்கும் என்று பலீல் கண்டுபிடித்தார். அதைத் திருத்திவிட்டு, 'நிஸா' என்று அடித்து விசையை அழுத்தினாள்.

"நிஸாம், நிஸாம், நிஸாம், நிஸாம்," என்று வாசித்தது எடிட்டர்.

பலீல் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேரோட பிரிவையும் சேத்து வாசிக்க வைப்பம்," என்றாள்.

அதற்கும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் "நிஸாம், களஞ்சியம்" என்று தெளிவாக வந்தது.

மறுநாள் நாகேந்திரத்தை மேசைக்குக் கூட்டிவந்தாள்.

"ஆரையாவது சொல்லுங்கோ, சேர்."

"வத்தளைக் கிளை ரிஸ்லா."

இரண்டெழுத்து அடித்ததுமே பெயரும் கிளையும் கேட்டன. முகவரி தானாக விழுந்தது. அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"ஓம், சரி. இனி நீங்களே அனுப்புங்கோ."

அவர் போனதும் மேபல் கேட்டாள்: "அப்ப இனி என்னைக் கூப்பிட மாட்டீங்க, என்ன?"

குரலில் சின்னக் குறை இருந்தது. சுபோதினி கதிரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிடப் போவமோ? கொச்சிக்கடைப் பக்கம்."

மேபல் குடையை எடுத்துக்கொண்டாள்.