மகனுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்

நோயில்லாத என் மகனை நோயாளியாக்கிப் பொய் சொன்னவள் நான். மீன் வாங்கும் கடையை மாற்றியதை மறைப்பதற்காக!

கிளிநொச்சிச் சந்தையில் மீன் விற்கும் றோசக்காவை நீங்கள் அறியமாட்டீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். ஆசிரியையாக இங்கு வந்த நாள்முதல், எட்டு ஆண்டுகளாக அவரிடந்தான் மீன் வாங்கினேன். நல்ல விளைமீன் வந்தால் எனக்கென்று ஒன்றை ஐசுக்குள் ஒளித்து வைப்பார். கடைசிப் போரில் ஒரே மகனை இழந்தவர். அதன்பின் மாதா கோயில் வாசலை அவர் மிதித்ததில்லை. "மாதாவோட எனக்குக் கதை இல்லை" என்பார்.

பிறகு பெருவீதியில் கண்ணாடிக் கதவுகளுடன் ஒரு சுப்பர் மார்க்கெட் வந்தது. குளிர்காற்று, தள்ளுவண்டி, வெட்டிக் கழுவிய மீன்... சேறு மிதிக்காமல் வாங்கும் சுகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மாதம் சந்தைப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் அந்தக் கண்ணாடிக் கடை வாசலில், கை நிறையப் பைகளோடு றோசக்காவின் எதிரே அகப்பட்டேன்.

"என்ன ரீச்சர், கனநாளாக் காணேல்லை?"

"மகனுக்குச் சுகமில்லை அக்கா... விடாத காய்ச்சல். அதுதான் சந்தைக்கு வரேலாமப் போச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மை அவ்வளவு பாரமா? அவர் என் பைகளைப் பார்க்கவேயில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் விளைமீனோடு வீடு தேடி வந்துவிட்டார்!

"பிள்ளைக்குச் சொதி வைச்சுக் குடுங்கோ. ஒருக்காப் பாக்கலாமோ?"

"நித்திரை அக்கா..."

அவன் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தான்.

மனம் பொறுக்காமல் அடுத்த வாரம் சந்தைக்குப் போனேன். அவர் இருக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

"றோசக்கா மடு மாதா கோயிலுக்குப் போட்டா" என்றாள் பக்கத்தில் கருவாடு விற்பவள். "உங்கட மகனுக்கு நேர்த்தியாம்."

ஐயோ... நான் என்ன செய்துவிட்டேன்!

அவர் திரும்பியதும் மகனை அழைத்துப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டார். கண் கலங்கிற்று.

"சூடே இல்லை! இவ்வளவு வருசத்துக்குப் பிறகு மாதா என்ர குரலைக் கேட்டிட்டா ரீச்சர்."

சொல்ல வந்ததை விட்டு, விளைமீன் என்ன விலை என்று கேட்டேன்.

இப்போது ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறார். என் மகனுக்காக மெழுகுதிரி ஏற்றுகிறார். சொன்னால் என் நெஞ்சு இலேசாகும்... அவர் நெஞ்சு? நான் மௌனமாயிருப்பது இரக்கத்தாலா, கோழைத்தனத்தாலா? எனக்கே தெரியவில்லை.

நேற்றும் கேட்டார்: "தம்பி எப்பிடி?"

"நல்ல சுகம் அக்கா."

அது உண்மைதான். ஆனாலும், அவர் மீன் வெட்டக் குனியும்வரை காத்திருந்துதான் சொன்னேன்.