பனிமூட்டத்தில் நின்ற காரும் இறங்க மறுத்த அத்தையும்

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் காரில் போவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வழி சுலபம்தான். ஓல்ட் மெட்ராஸ் ரோடு, ஹொசகோட்டை, கோலார், பங்காருப்பேட்டை. எங்கள் வீடு இருக்கிற காக்ஸ் டவுனிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், நிறுத்தி நிதானமாகப் போனால் இரண்டரை மணி நேரம். இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த 2005 ஜனவரியில் நாங்கள் போன கதையைச் சொல்லாமல் வெறும் வழியை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, என் சித்தப்பா மகள் ப்ரீத்திக்குக் கல்யாணம். தங்கவயல் சர்ச்சில் காலை பத்தரைக்குப் பூசை. காரில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் அருள், அப்பாவின் அக்கா ஸ்டெல்லா அத்தை. எங்கள் குடும்பத்தில் கல்யாண கேக்கைக் கடையில் வாங்கும் பழக்கம் கிடையாது. அத்தைதான் செய்வார். ஆகஸ்டிலேயே திராட்சையும் முந்திரியும் ரம்மில் ஊற ஆரம்பித்துவிடும். அத்தையின் தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறது என்று வாசனையிலேயே தெரிந்துவிடும்.

ப்ரீத்திக்கு மூன்று அடுக்கு. மூன்றும் தனித்தனி அட்டைப்பெட்டியில். அங்கே போய்த்தான் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க வேண்டும். பெரியதை டிக்கியில் வைக்கலாம் என்று அருள் சொன்னார். "டிக்கியில ஸ்டெப்னி வைப்பாங்க மாப்ள, கேக் வைக்க மாட்டாங்க" என்று அத்தை முடித்துவிட்டார். ஆக, பின்சீட்டில் இடதுபக்கம் பெரிய பெட்டி, நகராமலிருக்க ஒரு பழைய புடவையால் கதவுப் பிடியோடு கட்டியது. வலதுபக்கம், டிரைவருக்குப் பின்னால் அத்தை. அவர் மடியில் நடுத்தரப் பெட்டி. முன்சீட்டில் என் மடியில் சின்னது. அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு வீட்டு வாசலிலேயே வகுப்பு நடந்தது. எனக்கு வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் என்பதையெல்லாம் அத்தை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். கே.ஆர்.புரம் தாண்டும்வரை சாதாரண இருட்டுதான். ஹொசகோட்டையில் ஒரு காபி குடித்தோம், ஒன்று மூன்று ரூபாய், நல்ல காபி. ஏரிக்கரையைக் கடந்ததும் பனி இறங்கியது. முதலில் வயல்களுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்த மாதிரி கிடந்தது. பிறகு புளியமரங்களின் அடிமரம் மட்டும் தெரிந்தது, உச்சி இல்லை. பிறகு மரமும் இல்லை. எங்கள் வண்டியின் முன் விளக்கு போட்ட ஒரு சின்ன மஞ்சள் வட்டம், அதற்குள் ரோட்டுக் கோடு, அவ்வளவுதான் உலகம். அருள் முப்பதில் ஓட்டினார். யூகலிப்டஸ் வாசனையும் கேக்கின் ரம் வாசனையும் காருக்குள் கலந்திருந்தன. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

நரசாபுரத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பானெட்டுக்குள் பட்டென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது, பானெட்டிலிருந்து ஆவி வந்து பனியோடு சேர்ந்துகொண்டது. அருள் இடதுபக்கம் ஒதுக்கினார். ஆனால் அங்கே தார் முடிகிற இடத்தில் ஒரு அடிக்குப் பள்ளம். இடதுபக்கச் சக்கரங்கள் மண்ணில், வலது பாதி ரோட்டில் என்று கார் சாய்ந்து நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. அருள் காரை நன்றாக ஓட்டுவார். ஆனால் பானெட்டைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பச் சண்டையை எட்டிப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். மொபைலில் சிக்னல் இல்லை. இண்டிகேட்டர் எரிந்தது, அதுவும் பத்தடிக்கு மேல் தெரிந்திருக்காது.

அப்போதுதான் முதல் லாரி வந்தது. முதலில் ஹாரன், எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பிறகு மங்கலாக ஒரு வெளிச்சம். பிறகு காரே ஆடும்படி ஒரு காற்று. போய்விட்டது.

"எல்லாரும் இறங்கிடலாம்" என்றார் அருள். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டோடு ரோட்டோரத்துப் புங்கமரத்தில் கிளைகளை ஒடித்து எடுத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் போனார். நம் ரோடுகளில் இதுதானே வழக்கம். பச்சைக் கிளை கிடந்தால், முன்னால் ஏதோ நிற்கிறது என்று எந்த டிரைவருக்கும் தெரியும். "ரோட்டு மேல நிக்காதீங்க, மண்ணுல நில்லுங்க" என்று கத்தினேன். "சரி, சரி" என்று குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது.

நான் சின்னப் பெட்டியோடு இறங்கிவிட்டேன். ரோட்டை விட்டுக் கீழே இறங்கினால் மல்பெரித் தோட்டம், இலையெல்லாம் ஈரம். பெட்டியை ஒரு வரப்புக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மடியில் பெட்டி, அதன் மேல் இரண்டு கைகள், கண் மூடி ஜபம்.

"அத்தை, இறங்குங்க."

"நான் எப்படிடீ இறங்குறது? இந்தப் பக்கம் ரோடு. அந்தப் பக்கம் பெரிய கேக்."

"கேக்கை நகர்த்திட்டு வாங்க."

"நகர்த்தினா ஐசிங் போயிடும். இன்னும் சரியா இறுகலை. நான் இங்கேயே இருக்கேன். மாதா பாத்துக்குவா."

அவர் சொன்னதில் பாதி சரிதான். வலதுபக்கக் கதவைத் திறந்து ரோட்டில் இறங்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. ஆனால் உள்ளேயே இருப்பதும் ஆபத்துதான். இரண்டாவது லாரி போயிற்று. சைக்கிளில் பால்கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, "அம்மாவ்ரன்ன இளிஸி, மேடம்" என்றார். அந்த அம்மாவை இறக்கிவிடுங்கள் என்று. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாரோ பாவம். மணியை அடித்துக்கொண்டே அவரும் பனிக்குள் கரைந்து போனார்.

கெஞ்சினேன். பிள்ளைகள் மேல் ஆணை வைத்தேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கல்யாணமே நின்னு போயிடும் என்றேன். "எனக்கு என்னடி ஆகப்போகுது, அறுபது வயசாச்சு" என்றார். தன் உயிரைப் பற்றி நான் பேசப் பேச, அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் பெட்டி மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் வந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. எனக்கு அம்மா போனபிறகு அம்மாவாக இருந்தவர் அவர்.

"சரி, நீங்க இங்கேயே உக்காருங்க. கேக்கை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

இடதுபக்கக் கதவைத் திறந்து, புடவை முடிச்சை அவிழ்த்து, பெரிய பெட்டியை இழுத்தேன். நல்ல கனம். அத்தைக்குக் கண் விரிந்தது.

"ஏய் ஷீலா, அப்படிப் புடிக்காத. அடியில கை குடு. சாய்க்காத. சாய்க்காதடீ."

நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பள்ளத்தில் இறங்கி மல்பெரிச் செடிகளுக்கு நடுவே நடந்தேன். பின்னால் சீட்டில் ஒருவர் நகர்ந்து வரும் சத்தம், கதவு, மூச்சிரைப்பு, இடைவிடாத திட்டு. "உனக்கு ஒரு ப்ளேட்டு ஒழுங்கா புடிக்கத் தெரியுமா, இதைத் தூக்கிட்டா ஓடுற." மடியிலிருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தை வெறுங்காலோடு ஈர மண்ணில் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நிற்காமல் இன்னும் உள்ளே போனேன். வேண்டுமென்றே.

மூன்றாவது ஹாரன் கேட்டது. அருள் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவது கேட்டது. கிளைகள் முறியும் சத்தம், பிரேக் சத்தம், பிறகு தகரம் மேல் தகரம் மோதும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பனி கொஞ்சங்கூட அசையாமல் அப்படியே நின்றது. எங்கேயோ ஒரு ஆடு கத்தியது.

"அருள்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். "இருக்கேன். மண்ணுலதான் இருக்கேன்" என்று குரல் வந்தது. அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு காலம் வாழ்ந்தேனோ என்று இருந்தது.

கோலாருக்குத் திரும்பிக்கொண்டிருந்த டெம்போ. தக்காளி இறக்கிவிட்டு வந்த காலிக் கூடைகள் ரோடெல்லாம் உருண்டு கிடந்தன. கிளைகளைப் பார்த்து பிரேக் போட்டிருக்கிறார், பாதி வேகம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. எங்கள் காரின் பின்பக்கம் வலது மூலையில் மோதிப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. டிரைவருக்கு நெற்றியில் சின்னக் காயம். இறங்கி ஓடிவந்து, "ஒளகடெ யாராத்ரூ இத்தாரா?" என்று கேட்டார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. "இல்ல, யாரும் இல்ல" என்று சொன்னேன்.

அத்தை காரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இவ்வளவு நேரம் யாரிடமும் தராத பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "செருப்பு உள்ள இருக்குடி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழவில்லை. வெயில் வந்து பனியை மெல்ல மேலே தூக்கிக்கொண்டு போனது. செடிகள் ஒவ்வொரு வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன.

அருள் போலீஸுக்காக அங்கேயே இருந்தார். கிளைகளையும் கூடைகளையும் டெம்போக்காரரும் அவருமாக ஓரத்தில் ஒதுக்கினார்கள். இதை மறக்காதீர்கள். நம் வண்டி நகர்ந்த பிறகு ரோட்டிலேயே விட்டுப் போகிற கிளையும் கல்லும் அடுத்து பைக்கில் வருகிறவரைத் தள்ளிவிடும். நானும் அத்தையும் மூன்று பெட்டிகளும் ஒன்பது மணி வாக்கில் கோலார் பஸ் ஏறினோம், ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். கண்டக்டர் பின்சீட்டு ஒன்றைப் பெட்டிகளுக்கென்றே காலி செய்து கொடுத்தார். கோலாரில் அத்தைக்கு ரப்பர் செருப்பு வாங்கினோம். அங்கிருந்து ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ. பூசையில் பாதிதான் கிடைத்தது. பட்டுப்புடவையும் ரப்பர் செருப்புமாக நின்று அத்தை மூன்று அடுக்கையும் ஏற்றினார். நடு அடுக்கில் மட்டும் ஒரு கீறல். அதன் மேல் ரோஜா வைத்தோம்.

இனி, போகிறவர்களுக்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இந்த ரோட்டில் எட்டு மணிக்கு முன்னால் ஹொசகோட்டையைத் தாண்டாதீர்கள், காபியை இன்னொன்று குடியுங்கள். வண்டி மக்கர் செய்தால், ஓடுகிறவரை ஓட்டி, தாரை விட்டு முழுக்க இறங்குகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது, பனியில் தெரியவில்லை. விளக்கை எரியவிட்டு, இடதுபக்கமாகவே எல்லோரும் இறங்கி, ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம். ஒரு ஃபேன் பெல்ட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கக் கதவை மறைத்து எதையும் கட்டி வைக்காதீர்கள், அது கேக்காக இருந்தாலும் சரி. ஆளே இறங்க மாட்டேன் என்றால் அவர் உயிரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் எதைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, அதைத் தூக்கிக்கொண்டு நடங்கள்.

அடுத்த வாரம் கேஜி ஹள்ளி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைப் பார்க்கப் போனேன். பின்சீட்டு வலதுபக்கம் முன்சீட்டோடு ஒட்டிக் கிடந்தது. அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன். என் கை போகவில்லை.

வரும் வழியில் அத்தை வீட்டுக்குப் போனேன். "வண்டி எப்படிடி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்ல அத்தை. பின்னாடி கொஞ்சம் நசுங்கியிருக்கு."

"நீ கத்தினதுக்கெல்லாம் நான் இறங்கலை, தெரியுமா. கேக்கைக் கீழ போட்டுடுவியோன்னுதான் இறங்கினேன்."

"தெரியும்" என்றேன். காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அவருடைய சமையலறைக்குள் போய், பால் பொங்கி வழியும்வரை அழுதேன்.