நைனா என்று கூப்பிட்டது யாரை?

தி.நகரில் புடவை எடுக்கிறவர்கள் ஜோதிலட்சுமியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் புதுப் புடவை காலில் சுருண்டு தடுக்காமல் கல்யாண மண்டபத்தில் ஜம்மென்று நடந்து போகிறார்களே, அதில் பாதி அவள் உபயம். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷோயப் பாயின் கடை. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டு தையல் மிஷின், ஒரு ஃபேன், மூட்டை மூட்டையாகப் புடவை, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து புடவைக்கு ஃபால் தைக்கிறாள். ஃபால் உள்பக்கம் இருக்கிற துணி. தையல் வெளியே தெரிந்தால் தைத்தவளுக்குக் கை சரியில்லை என்று அர்த்தம்.

இதை வைத்து அவளும் வெளியே தெரியாத அடக்கமான ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாக்கத்தில் அவள் இருக்கும் பிளாக்கில் தண்ணீர் லாரி வரும்போது கேட்க வேண்டும் அவள் குரலை. மூன்றாவது மாடியில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அவளுடைய குடும்பம் அடையாறு ஆற்றோரத்தில் இருந்தது. அரசாங்கத்தார் அங்கிருந்து எல்லாரையும் எடுத்துப் பெரும்பாக்கத்தில் போட்டுவிட்டார்கள். வீடுதான் போனதே தவிர வேலை தி.நகரிலேயே நின்றுவிட்டது. அதனால் காலையும் மாலையும் அவளுக்கு நீண்ட பஸ் பயணம். ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்துவிட்டால் புத்தகம் படிப்பாள்.

அப்படிப் படித்ததுதான் ‘ஆமைக்கோட்டை’. லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் கிடந்ததை மகள் அஸ்வினிக்கு என்று வாங்கினாள். அஸ்வினி அட்டையைப் பார்த்தாள், செல்போனைப் பார்த்தாள், அதோடு சரி. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அம்மாக்காரி திறந்தாள். மத்திய கைலாஷ் நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் எல்லாம் அவள் காலை மிதித்துக்கொண்டு இறங்கினார்கள். அவளுக்குத் தெரியவே இல்லை.

பழைய கதை அது. மயிலாப்பூரில் தாத்தாவாகிவிட்டவர்கள்கூடச் சின்ன வயதில் படித்தது. ஆற்றுக்கு அடியில் ஏழு வாசல் உள்ள ஒரு கோட்டை. அதில் ஒரு மந்திரவாதி ஊர்ப்பிள்ளைகளைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். சிட்டு என்ற பெண்ணையும் பிடித்துப் போகிறான். பேசத் தெரிந்த ஒரு பெரிய ஆமை அவளை முதுகில் ஏற்றி, ஒவ்வொரு வாசலாகத் தப்ப வைத்து, முகத்துவாரத்து மணலில் கொண்டுவந்து இறக்குகிறது. இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தண்ணீருக்குள் திரும்பிப் போய்விடுகிறது. கதை முடிந்தது. சிட்டு அந்த ஆமையைக் கதை முழுக்க ‘நைனா’ என்றே கூப்பிடுகிறாள்.

இந்த முடிவு எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்திருக்கிறது. புத்தகத்தைப் புதுப்பதிப்பாகக் கொண்டுவரப் போகிறோம், உங்கள் கருத்தை அனுப்புங்கள், நல்லதாகத் தேர்ந்து கடைசிப் பக்கங்களில் பெயரோடு போடுகிறோம் என்று பதிப்பகத்தார் ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்து அறிவித்தார்கள். கருத்துகள் வந்து குவிந்தன. ஆசிரியருக்கு ஈவிரக்கமே இல்லை என்றார் ஒருவர். துணையை இழந்தால்தான் குழந்தை பெரியவளாகிறாள், அதுவே இந்நாவலின் தத்துவம் என்றார் ஒரு பேராசிரியர். ஆமையின் பிரிவை நினைத்து இன்றும் தூக்கம் வரவில்லை என்று ஒரு அம்மாள் அமெரிக்காவிலிருந்து எழுதினாள்.

தமிழில் டைப் அடிக்க ஜோதிலட்சுமிக்குப் பொறுமை கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். நாலு சீட்டுக்குக் கேட்டது.

“எல்லாரும் ஆமை வுட்டுட்டுப் போயிடுச்சு, வுட்டுட்டுப் போயிடுச்சுன்னு அழுவுறீங்கோ. அது எங்க போச்சுன்னு எவனாச்சும் யோசிச்சீங்களா? கோட்டையில இன்னும் எத்தினி புள்ளைங்க மாட்டிக்கினு கீதுங்க! அதுங்கள யாரு இட்டுக்கினு வருவா? சிட்டு அத்த நைனான்னு கூப்புடுது. நைனான்னா அப்பன். அப்பன் ஒரு புள்ளைய கரை சேத்துட்டு அடுத்த புள்ளைக்குத் திரும்பிப் போவான். அது சோகம் இல்லபா. அது டூட்டி.”

இது அவள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது இல்லை. ஆற்றோரத்தில் இருந்தபோது, அவள் சின்னப் பெண்ணாயிருந்த ஒரு மழையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. அவளுடைய அப்பா வடிவேலு, வெள்ளையடிக்கிறவர், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, மேட்டுத் தெருவில் ஒரு கடை வாசலில் இறக்கினார். இறக்கிய கையோடு திரும்பி இறங்கிவிட்டார். “நைனா, நைனா” என்று தொண்டை கிழியக் கத்தினாள். மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு வேலம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நடைக்கு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்படி ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு அந்த முடிவைப் படித்து அழச் சொன்னால் அவள் எப்படி அழுவாள்? பஸ்ஸில் சிரித்தாள். கர்வமாக இருந்தது.

அவள் கருத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை. பிளாக் முழுக்கச் சொன்னாள். பஸ் கண்டக்டரிடம் சொன்னாள். தைத்த புடவையை வாங்கிப்போக எப்போதாவது வருகிற கஸ்டமரிடம்கூட, “என் பேரு புக்குல வரப்போவுது மேடம்” என்று சொன்னாள். ஒளிந்திருப்பதே தொழிலாக இருந்தவளுக்குத் தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறியே வந்துவிட்டது. மறைப்பானேன், அதுதான் அப்போது அவளுக்கு உலகத்திலேயே பெரிய விஷயம்.

அந்த நேரத்தில் பதிப்பகத்திலிருந்து ஜானு போன் செய்தாள். கருத்துகளைத் தொகுக்கிற பெண் அவள், தங்கமான பெண்.

“அக்கா, ஒரு சின்ன திருத்தம். அந்தக் காலத்து மெட்ராஸ்ல யாரை வேணாலும் நைனான்னு கூப்பிடுவாங்க இல்லையா? ‘என்னப்பா’ன்னு சொல்ற மாதிரி. ஆசிரியர் அந்த அர்த்தத்துலதான் போட்டிருக்கார்னு எங்க குழுவுல நினைக்கிறாங்க. ஆமை அப்பா இல்லை. அதனால அந்த வரிகளை மட்டும் எடுத்துட்டு, மத்ததைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல மாத்திப் போட்டுடறோம். உங்க பேர் வந்துடும்.”

“கூப்புடுவோம்தான்” என்றாள் ஜோதிலட்சுமி. அதை எப்படி மறுக்க முடியும்? காலையில்தான் பால்காரனை “இன்னா நைனா, இம்மாம் லேட்டு” என்று கேட்டிருந்தாள். “ஆனா எங்கூட்டுல அப்பாவையும் நைனான்னுதான் கூப்புடுவோம். யோசிச்சு சொல்றேன்.”

போனை வைத்த பிறகு அன்று தைத்த புடவையில் தையல் கோணல்மாணலாகப் போயிற்று. பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

“ஜோதி, நாலு வரிதானே. போனா போவட்டும். பேர் வருது பார்” என்றார் ஷோயப் பாய்.

“அந்த நாலு வரிதான் பாய் நானு. மிச்சத்த யாரு வேணா சொல்லுவாங்க” என்றாள். சொல்லியாகிவிட்டது, சரி. பெயர் வராவிட்டால் பிளாக்கில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் ஒரு மாடி ஹாலில் வாசகர் கூட்டம். போண்டாவும் காபியும் உண்டு. தேர்வானவர்கள் தங்கள் கருத்தை மேடையில் வாசிக்க வேண்டும். ஜோதிலட்சுமி கையில் ஜானு ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் ‘ஆமை எங்கே சென்றது என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்’ என்று என்னென்னவோ எழுதியிருந்தது. கீழே அவள் பெயர் அழகாக, தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரை அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மைக் முன்னால் போய் நின்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். பஸ்ஸில் எப்படிச் சொன்னாளோ அப்படியே, டூட்டி வரைக்கும் சொல்லி முடித்தாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

அவர் ராஜகோபாலன். ரிட்டயரான பாங்க் ஆசாமி. ‘ஆமைக்கோட்டை’யை எத்தனை தடவை படித்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“ஒத்துக்கவே மாட்டேன்” என்றார். “நைனாங்கறது அந்த ஆமையோட பேரு. எங்காத்துல எல்லாருமா சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் படிச்சிண்டிருக்கோம். சரி, பேரு இல்லேன்னே வெச்சுக்குங்கோ. ரெண்டாம் வாசல்ல சிட்டு அதை நம்பவே இல்லை. கல்லெடுத்து அடிக்கறா. அப்பவே ‘போ நைனா’ங்கறா. அப்பாவை எந்தப் பொண்ணாவது கல்லால அடிப்பாளா? சொல்லுங்கோ!”

சபையில் ஒரு சலசலப்பு. நல்ல கேள்விதான். தண்ணீர் லாரிச் சண்டையில் ஒருநாளும் அடைக்காத ஜோதிலட்சுமியின் வாய் அங்கே அடைத்துக்கொண்டது.

ஜானு நிலைமையைச் சமாளிக்க மைக்கை வாங்கினாள். “சார், கவலைப்படாதீங்க. அந்தப் பகுதியைப் புத்தகத்துல எடுத்துட்டோம்.”

ஜோதிலட்சுமி மைக்கை வாங்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

“எடுக்காத ஜானு. எம்பேர்லதான வருது? தப்புன்னா என் தப்புதான். அந்தக் கேள்விக்கு எனக்கு இப்ப பதில் தெரியல, அதுக்காக நான் சொன்னது இல்லன்னு ஆயிடுமா? போட்டா முழுசா போடு. இல்லன்னா எம்பேரையும் சேத்து எடுத்துடு.”

சொல்லி முடித்ததும் பெயர் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பிளாக்குக்கும் கண்டக்டருக்கும் என்ன சொல்வது என்று அப்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ராஜகோபாலன் இன்னும் உட்காரவில்லை. அவர் இப்போது ஜானு பக்கம் திரும்பியிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“வெட்டிட்டேளா? யாரைக் கேட்டு வெட்டினேள்? நான் ஆத்துக்குப் போய் இந்தம்மாவுக்கு மறுப்பு எழுதலாம்னு உட்கார்ந்துண்டிருக்கேன். அவா சொன்னதை வெட்டிட்டா நான் யாரோட சண்டை போடறது?”

ஹாலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜானு குழுவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ராஜகோபாலன் ஜோதிலட்சுமியிடம், “உங்க பதிலை யோசிச்சு வையுங்கோ, விடமாட்டேன்” என்றார். “நானும் வுடமாட்டேன் சார்” என்றாள் அவள்.

அதன்பிறகு பேச்சுமூச்சே இல்லை. குழு என்ன முடிவெடுத்தது என்று ஜானுவைக் கேட்கவும் பயமாக இருந்தது. புக்கு எப்போது வரும் என்று பிளாக்கில் கேட்டவர்களுக்கு, “பிரிண்டிங்ல கீது” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. ஒரு மத்தியானம் கடைக்குக் கூரியர் வந்தது. ஷோயப் பாய்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். “பிரி, பிரி” என்று அவரே அவசரப்படுத்தினார். அவள் பிரிக்கவில்லை. என்ன இருந்தாலும் அப்பா முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

வடிவேலுவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வீட்டில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். கடைசிப் பக்கங்களைப் புரட்டிய கை நின்றது. அவள் சொன்னது முழுசாக இருந்தது. ‘மாட்டிக்கினு கீதுங்க’கூட மாறவில்லை. ‘நைனான்னா அப்பன்’ இருந்தது. டூட்டி இருந்தது. கீழே, கடை விலாசத்தை வைத்து, ஜோதிலட்சுமி, தி.நகர் என்று போட்டிருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள், அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் அவள் பெயர் இருந்தது.

“‘திருமதி ஜோதிலட்சுமி அவர்களின் கருத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன்’” என்று படித்தாள். அப்புறம் இரண்டு பக்கம். திருமதி ஜோதிலட்சுமி இதைக் கவனிக்கவில்லை, திருமதி ஜோதிலட்சுமி இதற்கு என்ன சொல்வார் என்று ராஜகோபாலன் பிய்த்து உதறியிருந்தார்.

வடிவேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாம்மே இது? எவன்மே அவன், புக்குல போட்டு உன்ன தப்புன்றான்? நீ இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது.

“நைனா, மயிலாப்பூர்ல அவ்ளோ படிச்ச மனுசன், ஒக்காந்து யோசிச்சு, எனக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதிக்கீறாரு. வுட்டுத் தள்ளுன்னு போவல. பேர் போட்டு எழுதிக்கீறாரு. இந்தப் புக்கு இருக்குற வரிக்கும் அவரும் நானும் இதுல சண்ட போட்டுக்கினே இருப்போம்.”

அவள் சொன்னது வடிவேலுவுக்கு உள்ளே இறங்க நேரம் பிடித்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு தபா படி” என்றார்.

“நான் சொன்னதா நைனா?”

“அது எனக்குத் தெரியுமே. அந்த ஆளு உன் பேரச் சொல்ற எடத்தையெல்லாம் படி.”