நாலாவது தூணின் நத்தை

அந்தப் புகைப்படத்தில் மெழுகம்மாவும் இருக்கிறாள். இடது ஓரத்தில், பழுப்புத் துணி சுற்றிய கட்டை மாதிரி ஒன்று தெரிகிறதே, அது அவளுடைய முழங்கை.

பேராலயம் எரிந்த மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வந்த படம் அது. நடுவில் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கன்னத்திலும் கண்ணீர். ஈரத்தின் மேல் நெருப்பின் வெளிச்சம். கீழே 'ஒரு நகரத்தின் கண்ணீர்' என்று போட்டிருந்தார்கள். முழங்கையைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் ஓரகத்திக்குக் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எதுவும் சரியாகத் தெரியாது, கூட ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மெழுகம்மா பேராலயத்தில் அரை நாள் விடுப்புக் கேட்டு அவளைக் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது சதுக்கத்தில் கூட்டம். வெளிச்சத்தின் கூச்சம் தாங்காமல் ஓரகத்தியின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அங்க என்னமோ ஆரஞ்சு கலர்ல தெரியுதே, என்னது?"

"கோபுரம்டி. எரியுது."

"எந்தக் கோபுரம்?"

அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மெழுகம்மாவின் கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. பத்தொன்பது வருடம் அவள் மண்டியிட்டுத் துடைத்த தரை அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தது. அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

மெழுகம்மா என்பது வேலையால் வந்த பெயர். மெழுகுவர்த்திகள் தரையில் சொட்டியதை எடுப்பது அவள் வேலை. சுரண்டக் கூடாது, கல் கீறிவிடும். பழுப்புத் தாளை விரித்து, மேலே இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு உருகித் தாளில் ஏறிக்கொள்ளும். "ஊர்ல எல்லாரும் சட்டைக்கு இஸ்திரி போடுவாங்க, எம் பொண்டாட்டி தரைக்குப் போடுவா" என்பான் அவள் புருஷன், கசங்கின சட்டையோடு.

நாலாவது தூணுக்கு எதிரே ஒரு கல் குழிந்திருந்தது. எத்தனையோ தலைமுறை முழங்கால்கள் தேய்த்த குழி. மெழுகு அங்கேதான் தேங்கும். தாளை மடித்து உள்ளே இறக்க வேண்டும். பெட்டியின் மூக்கு மட்டும்தான் நுழையும். வேலை முடிந்தபின் அந்தக் கல் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜெபம் என்று சொல்ல முடியாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

தீ அணைந்த பிறகு ஊரே தடுப்புக் கம்பிகளுக்கு வெளியே வந்து நின்றது. கம்பி தெரியாத அளவுக்குப் பூங்கொத்துகள். தன் கல்யாணம் இங்கேதான் நடந்தது என்று முடிதிருத்துகிறவர் குலுங்கி அழுதார். நடந்தது பதிவு அலுவலகத்தில் என்று பக்கத்திலிருந்த அவர் மனைவி திருத்தினாள். அதற்கும் சேர்த்து அழுதார். அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே கடந்துபோன ஒன்று தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொள்வது சுலபமல்ல.

மெழுகம்மாவுக்கு அவர்கள் மேல் எரிச்சல் இல்லை. அவளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் ஒருத்தி மேல்தான். பொறாமை என்றால் தன்னிடம் இல்லாததற்கு ஏங்குவது என்பார்கள். இவளுடையது வேறு. தன்னிடம் இருந்த ஒன்று இன்னொருத்தியின் முகத்தோடு ஊர் சுற்றுவதைப் பார்க்கிற பொறாமை.

மூன்றாம் நாள் ஓரகத்தி வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்க. பேராலயத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எடம் எதுன்னு கேப்பாங்களாம். நான் உள்ளயே போனதில்லயே! ஒண்ணு சொல்லுங்கக்கா."

"உண்மையச் சொல்லேன். கண்ணுல மருந்துன்னு."

"சொன்னேன்க்கா. ரொம்ப அடக்கமா பேசறீங்கன்னு சிரிச்சிடுச்சு அந்த டிவிப் பொண்ணு."

குழிந்த கல் மெழுகம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அதையும் இவளுக்குக் கொடுப்பதா?

"நாலாவது தூணு அடியில ஒரு நத்தை இருக்கும். கல்லுல செதுக்கினது. கட்டை விரல் அளவுதான்."

"ஐயோ, எவ்வளவு அழகு! நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்க்கா?"

அப்படி ஒரு நத்தை கிடையாது. விவரம் தெரிந்த யாராவது தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, 'இந்த அம்மா பேராலயத்துக்குள் காலே வைத்ததில்லை' என்று சொல்வார்கள். அது போதும் என்று மெழுகம்மா கணக்குப் போட்டாள்.

யாரும் சொல்லவில்லை. ஓரகத்தி திரையில் நத்தையைப் பற்றிச் சொன்ன மறுநாளே ஊருக்கு அந்த நத்தை ஞாபகம் வந்துவிட்டது. தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன் என்றார் முடிதிருத்துகிறவர். பள்ளிப் பிள்ளைகள் நத்தை வரைந்து கம்பியில் கட்டினார்கள். "பத்தொன்பது வருஷம் அந்தத் தரையத் தேச்சியே, நத்தையப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அழுத்தக்காரிடி நீ" என்று புருஷன் கோபித்துக்கொண்டான். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது மெழுகம்மா கண்ணை மூடித் தூணடியை நினைத்துப் பார்த்தாள். அங்கே நத்தை இருந்தது. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள்.

பேராலயம் மூடியிருந்ததால் அவளை எதிர்க் கட்டடத்தில் இருந்த மறுசீரமைப்பு அலுவலகத்தில் ஜன்னல் துடைக்கப் போட்டிருந்தார்கள். பொறியாளர் வெளியூர்க்காரர். அவருக்கு இவள் ஜன்னல் துடைக்கிற அம்மா, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் ஓரகத்தியை வரவழைத்து எதிரே உட்காரவைத்தார். மேஜையில் ஊரார் எழுதிய ஒரு கட்டுக் கடிதம்.

"நாலாவது தூண் பக்கம் தரை வெடிச்சுப்போச்சும்மா. புதுக் கல் போடப்போறோம். நத்தையையும் திரும்பச் செதுக்கிடலாம்னு முடிவு. நத்தை எந்தப் பக்கம் பாத்துட்டிருந்துச்சு? கடிதத்துல ஆளுக்கு ஒரு பக்கம் சொல்றாங்க."

ஓரகத்தி ஜன்னல் பக்கம் திரும்பி மெழுகம்மாவைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்து மேஜையைப் பார்ப்பதுபோல.

இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே ஓரகத்தி மாட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் மெழுகம்மாவின் மனசு வேறு பக்கம் ஓடியது. செதுக்கிவிட்டால் நத்தை உண்மையாகிவிடும். அவளுடைய தூணடியில், ஓரகத்தியின் நத்தையாக, இன்னும் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருக்கும். குழிந்த கல் இருந்த இடத்தில் மட்டமான புதுக் கல் இருக்கும்.

"அங்க நத்தை எதுவும் கெடையாது சார். நான்தான் இவகிட்டப் பொய் சொன்னேன்."

பொறியாளர் திரும்பிப் பார்த்தார். "நீங்க?"

"அந்தத் தரையத் தொடச்சவ. பத்தொன்பது வருஷம்."

அவர் கடிதக் கட்டின்மேல் கையை வைத்தார். "நூத்தி நாப்பத்தேழு பேர் பாத்திருக்காங்கம்மா. சின்னது பாருங்க, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

மெழுகம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

"சார், அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் ஓரகத்தி. "நான் உள்ள போனதே இல்ல. அன்னிக்கு என் கண்ணுல ஆஸ்பத்திரி மருந்து. நெருப்பையே நான் பாக்கல. படத்துல என் பக்கத்துல நிக்குதே, அந்த முழங்கை, அது இவங்களோடது. இவங்கதான் பாத்தாங்க."

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். மெழுகம்மா இரண்டு மாதமாகக் கூர் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் அவை. ஓரகத்தி அவற்றைக் கடைக்குப் போய் வந்த செய்திபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதையும் அவளே சொல்லிவிட்டாளே என்று மெழுகம்மாவுக்கு நெஞ்சு காந்தியது.

"அப்ப அங்க என்னதான் இருந்துச்சு?" பொறியாளர் இப்போது இவளைப் பார்த்துக் கேட்டார்.

மெழுகம்மா சொன்னாள். குழியை, மடித்த தாளை, பெட்டியின் மூக்கை, கல்லில் கொஞ்ச நேரம் நிற்கிற சூட்டை. பத்தொன்பது வருடம் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் மறுபடி பேனாவைத் திறந்து எழுதினார்.

"ஒடஞ்ச கல்லெல்லாம் பின்னால குவிச்சிருக்கு. எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்தாத் தெரியாது. தொட்டாத் தெரியும்."

"மத்தியானம் என்கூட வாங்க."

அப்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஓரகத்தி அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை கண்ணில் மருந்து எதுவும் இல்லை. பொறியாளர் பதறி எழுந்து தன் கைக்குட்டையை நீட்டினார், அவளிடம்.

மெழுகம்மாவின் கண் காய்ந்தே இருந்தது.

"ஏன்டி அழற? என் கல்லு, என் குழி. அழறதா இருந்தா நான்தானே அழணும்?"

"நீங்க அழ மாட்டீங்கல்ல, அதாங்க்கா."

மெழுகம்மா அந்தக் கைக்குட்டையை அவள் கையிலிருந்து வாங்கினாள். நாலாக மடித்து, மடிப்பை விரலால் அழுத்தி, பொறியாளரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இவகிட்டக் கைக்குட்டை இருக்கு சார். நான் வாங்கிக் கொடுத்ததுதான்."