பங்காளிக் கார்கள்

என் சகலைக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு வேகமான கார் வாங்க ஆசை வந்தது. எதை வாங்குவது என்று என்னிடம் வந்து கேட்டார். வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். நூல் வியாபாரி. சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எஞ்சினுக்குள் நடப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் தொழில். கார் ஓட்டுவது அவருக்குக் கைவந்த கலை. இளவயதில் ஊருக்கு வெளியே நடந்த பந்தயங்களில் ஓட்டிக் கோப்பை வாங்கியிருக்கிறார்.

மாமனார் இருந்தவரை, குடும்பத்தோடு வால்பாறைக்குப் புறப்பட்டால் சாவி சகலையின் கைக்குத்தான் போகும். "பெரிய மாப்பிள்ளை பின்னால உக்காந்து புஸ்தகம் படிச்சுட்டு வரட்டும்" என்பார் மாமனார். வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் மனைவி உட்பட எல்லோரும் அவர் கை ஸ்டியரிங்கில் புரளும் அழகைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்ப்பேன். வயிறு எரியும். அந்த எரிச்சல் மாமனாரோடு போய்விடவில்லை.

சகலை பார்த்து வைத்திருந்தவை இரண்டு கார்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற விலையில், ஸ்போர்ட்ஸ் கார் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளக்கூடியவை. ஒரே ஆலையில் ஒரே எஞ்சின் வைத்துச் செய்தவை. முகப்பும் விளக்குகளும் முத்திரையும்தான் வேறு. ஒரு முத்திரை, வெளிநாட்டுச் சேற்றுப் பாதைகளில் பந்தயம் ஓடிப் பெயர் வாங்கிய பழைய கம்பெனியுடையது. மற்றது, குடும்பங்களுக்குக் கார் செய்து வளர்ந்த கம்பெனியுடையது.

சகலையின் மனம் பழைய முத்திரையின் மேல் இருந்தது. அதற்கு ஒரு கதை சொன்னார். பள்ளியில் படிக்கும்போது உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். அட்டையில் சின்னச் சிவப்புக் கார், நான்கு சக்கரமும் தரையில் இல்லை, கதவெல்லாம் சேறு. பஸ்ஸுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு சிங்காநல்லூர் வரை நடந்திருக்கிறார்.

"ஊட்டுக்குப் போயி சட்டையக் கழட்டுனா, வேர்வையில அந்தச் செகப்பு வயித்துல ஒட்டியிருக்குதுங்கண்ணா. எங்கம்மா ரத்தம்னு நெனச்சு ஒப்பாரி வெச்சுருச்சு."

கதை நன்றாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு கதை இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது.

"ரெண்டும் பங்காளிங்க, தம்பி," என்றேன். "ஒரே ரத்தம். பேருதான் வேற."

"பங்காளின்னாலும் ஊடு வேற வேறதானுங்களே."

"அந்தப் பழைய கம்பெனி எப்பவோ கை மாறிப் போச்சு. அந்தச் செகப்புக் காரச் செஞ்சவங்க யாரும் இப்ப உசுரோட இருக்க மாட்டாங்க."

"பொண்ணு எடுக்கறப்ப எந்தக் கூட்டம், எந்தக் கொலம்னு கேக்கறமே, செத்துப்போன பாட்டன் பூட்டனையா கேக்கறோம்? ஒரு நம்பிக்கைங்கண்ணா."

அவர் சொன்னது சரியாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன்: "ஓட்டத் தெரியாதவன்தான் தம்பி, பேரப் பாத்து வாங்குவான்."

அவர் சிரிக்கவில்லை. ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, "அதுவும் சரிதானுங்க" என்றார். அடுத்த வாரம் குடும்பக் கார் கம்பெனியின் காரையே வாங்கினார். முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். நான் முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

தை மாதத்தில் நான் அவிநாசி சாலையில் இருந்த ஷோரூமுக்குப் போய் அந்தப் பழைய முத்திரைக் காரை வாங்கினேன். மனைவியிடம் நல்ல தள்ளுபடி என்றேன். உண்மையில், ஒரே ஒரு முறை சகலை என் காரைப் பார்த்து ஏங்க வேண்டும், அவ்வளவுதான்.

விற்பனைப் பிரிவில் இருந்த பெண், "ரெண்டும் ஒண்ணுதானுங்க சார், இதையே கேட்டு வரீங்களே?" என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். உக்கடத்துப் பழைய புத்தகக் கடை வந்தது. சட்டைக்குள் பத்திரிகை வந்தது. வயிற்றில் சிவப்பு வந்தது. என் அம்மா அழுதாள் என்றுகூடச் சொன்னேன். அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டு வந்து, மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னேன், இன்னும் நன்றாக.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் சொன்னேன். பெட்ரோல் போட வந்த அந்நியர் ஒருவரிடம் சொன்னேன். காரைவிட அந்தக் கதைதான் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழா. சொந்தக்காரர்கள் என் காரைச் சுற்றி நின்றார்கள். மைத்துனர் மகன், "இத்தன வயசுக்கப்பறம் இதென்னங்க மாமா, எளந்தாரிக் காரு?" என்று சீண்டினான். நான் தொடங்கினேன். சிங்காநல்லூரைத் தாண்டி, சட்டையைக் கழற்றும் இடத்துக்கு வந்தபோது என்னைச் சுற்றியிருந்தவர்கள் எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பினேன். சகலை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"பெரிய மாமா கதை உடறாருங்களா, சின்ன மாமா? நெசமாவா?" என்று பையன் அவரைக் கேட்டான்.

ஒரு சொல் போதும். எல்லோர் முன்னாலும் நான் யார் என்று தெரிந்துவிடும்.

"நெசந்தான் கண்ணு," என்றார் அவர். "அண்ணனுக்கு அப்ப இருந்தே அந்தக் கார்னா உசுரு. எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன். யார் சாவி கொடுத்தாலும் மறுக்காதவர் அவர். டிராக்டர் என்றாலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

"கையெல்லாம் எண்ணெயா இருக்குதுங்கண்ணா. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்," என்றார். அவர் இன்னும் பந்தியில் உட்காரவே இல்லை.

பிறகு எத்தனையோ முறை சந்தித்துவிட்டோம். அதே மரியாதை, அதே அண்ணா. சிரிப்பு மட்டும் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை. மன்னிப்புக் கேட்கப் போய், மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசிவிட்டு வந்திருக்கிறேன். தன் கதையை இன்னொருவன் வாயில் கேட்டுவிட்டு, அதற்குச் சாட்சியும் சொல்லிவிட்டு, ஒரு மனிதரால் அப்படி நடந்து போக முடிந்ததே என்று நினைத்துப் பார்க்கிறேன். வெட்கம் வருகிறது. அந்த மனம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று, இந்த வயதிலும், அவர்மேல் பொறாமையும் வருகிறது.